எவ்வளவு உலோகம் அதிகம்? நத்தையிடம் கேட்கலாம்

குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு. அந்தத் தண்ணீரைக் குடித்தால் நமக்கு ஒன்றும் ஆகாது. அதிலேயே மிளகு அளவுள்ள ஓர் இளம் குளத்து நத்தையை விட்டால், அது நாலு நாள் தாண்டுவது கஷ்டம். கடினத்தன்மை குறைந்த நீரில், பல நன்னீர் நத்தை இனங்களின் இளம் உயிர்களுக்கு லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பே எமன். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். இரண்டு எண்களையும் ஒரே அலகில் எழுதிப் பார்த்தால் இடைவெளி எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஆக, ‘இந்தத் தண்ணீர் நல்லதா?’ என்ற கேள்வி பாதிக் கேள்விதான். யாருக்கு நல்லதா என்றும் கேட்க வேண்டும். ஆய்வகக் கருவி தண்ணீரில் எவ்வளவு செம்பு, எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த அளவு அங்கே வாழும் உயிரை என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நேரடியான வழி, உயிருள்ள ஒன்றை அந்த நீரில் வைத்துப் பார்ப்பது. இப்படிச் செய்வதைத்தான் நச்சுத்தன்மைச் சோதனை என்கிறார்கள். மீன், நீர்த்தெள்ளு, பாசி என்று பல உயிர்களை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கட்டுரை நத்தையைப் பற்றியது. அதிலும் அந்தந்த நீர்நிலைக்கே சொந்தமான நத்தையைப் பற்றியது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ‘கன உலோகம்’ என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் வேதியியலாளர்களுக்கு இந்தச் சொல்லே பிடிக்காது. அடர்த்தி இவ்வளவுக்கு மேல் இருந்தால் கன உலோகம் என்று ஒருவர் சொல்வார், அணு எடையை வைத்து இன்னொருவர் சொல்வார். உலோகமே அல்லாத ஆர்செனிக்கையும் கூடவே சேர்த்துவிடுவார்கள். இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லையோ என்று கேட்டு 2002ல் ஓர் ஆய்விதழில் கட்டுரையே வந்தது. இங்கே நமக்கு வேண்டியது ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், நிக்கல், பாதரசம் ஆகியவை. இவற்றில் செம்பும் துத்தநாகமும் உடலுக்குக் கொஞ்சம் தேவை, அளவு மீறினால் நஞ்சு. ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றாலும் நத்தைக்கு எந்தப் பயனும் இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: பல பூச்சிமருந்துகள் காலப்போக்கில் சிதைந்து மறையும், இவை அப்படி மறைவதில்லை. தண்ணீரிலிருந்து போனால் சேற்றுக்குப் போகும், சேற்றிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து அதை மேயும் உயிருக்கு.

மேயும் உயிர் என்றதும் நத்தை வந்துவிட்டது.

நத்தை ஏன்?

மீன் அழுக்கு நீரைக் கண்டால் நீந்தி விலகும். நத்தை எங்கே போகும்? கல்லிலும் இலையிலும் படிந்திருக்கும் வழவழப்பான பாசிப் படலத்தைச் சுரண்டித் தின்றபடி அதே இடத்தில் கிடக்கும். அந்தப் படலம் உலோகத்தை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நத்தைக்குத் தோல் வழியாகவும் உலோகம் போகிறது, வாய் வழியாகவும் போகிறது.

ஆனால் உண்மையான காரணம் அதன் ஓட்டில் இருக்கிறது. ஓடு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வளரும் நத்தை நாள்தோறும் ஓட்டின் விளிம்பில் புதிதாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்கான கால்சியத்தில் பெரும்பகுதியை அது தண்ணீரிலிருந்தே உறிஞ்சுகிறது. உறிஞ்சும் வாசல்கள் எப்போதும் திறந்து, மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும். இந்த இடத்தில்தான் காட்மியமும் ஈயமும் ஏமாற்றுகின்றன. காட்மியம் அயனி அளவில் ஏறக்குறைய கால்சியத்தைப் போலவே இருக்கும். இரண்டுக்கும் மின்னேற்றமும் ஒன்றுதான். வாசலில் நிற்பவனுக்கு ஆள் வித்தியாசம் தெரிவதில்லை. உலோகம் உள்ளே போவது ஒரு கேடு, கால்சியம் வெளியே நிற்பது இன்னொரு கேடு.

காட்மியத்தால் எலும்பு கெடுவது மனிதர்களிலும் நடந்திருக்கிறது. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவுக் காட்மியம் கலந்த நீராலும் அரிசியாலும் மக்களின் சிறுநீரகம் பழுதாகி, எலும்புகள் மெலிந்து நொறுங்கின. வலி தாங்காமல் அவர்கள் கத்திய ‘இத்தாய் இத்தாய்’ என்பதே நோயின் பெயராயிற்று. 1968ல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று அறிவித்தது. அங்கே பாதை வேறு, சிறுநீரகம் வழியாகப் போகிறது. ஆனாலும் காட்மியம் கால்சியத்தின் கணக்கில் கை வைக்கும் என்பது இரண்டு கதைக்கும் பொது.

செம்பு வேறு வழியில் கொல்கிறது. நன்னீரில் வாழும் எந்த உயிரின் உடலிலிருந்தும் உப்பு ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கும், ஏனென்றால் உள்ளே உப்பு அதிகம், வெளியே குறைவு. கசிந்ததை ஈடுகட்ட, அது சோடியத்தைத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். செம்பு அந்த இழுவையை நிறுத்திவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியது போலத்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளத்து நத்தையின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளே செம்பு உள்ள ஹீமோசயனின்தான், அதனால் இரத்தம் நீலம் பாய்ந்திருக்கும். செம்பு இல்லாமலும் வாழ முடியாது, கொஞ்சம் கூடினாலும் வாழ முடியாது. தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள நத்தைக் குடும்பம் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு நம்மைப் போல ஹீமோகுளோபின், சிவப்பு இரத்தம். ஆனாலும் செம்பிடமிருந்து அவையும் தப்புவதில்லை.

செம்பு நத்தையைக் கொல்லும் என்பது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நத்தைக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்க, ஒரு காலத்தில் வாய்க்கால்களில் மயில்துத்தத்தைக் கொட்டினார்கள். மயில்துத்தம் என்பது செம்பு சல்பேட்தான். மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் இதை அறிவார்கள்: மீனுக்கு நோய் என்று செம்பு கலந்த மருந்தை ஊற்றினால், மீன் பிழைத்தாலும் தொட்டி நத்தைகள் போய்விடும்.

உள்ளே போன உலோகத்தை நத்தை சும்மா விட்டுவிடுவதும் இல்லை. மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் உலோகத்தைக் கட்டிப் பிடித்து வைக்கும். 1957ல் குதிரையின் சிறுநீரகத்தில் முதன்முதலாகக் கண்ட இந்தப் புரதக் குடும்பம் நத்தையிலும் உண்டு. கட்டிய உலோகத்தில் பெரும்பங்கு ஓட்டின் உச்சிச் சுருளுக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியில் போய்ச் சேரும். அதனால் செத்த நத்தையைவிட, சாகாத நத்தையின் சுரப்பியை எடுத்து உலோகத்தை அளந்தால் அந்த நீர்நிலையின் பழைய கணக்கே கிடைக்கும்.

சொந்த ஊர் நத்தை எதற்கு?

உலகெங்கும் பயன்படுத்தப்படும் சில ‘தரச் சோதனை’ உயிர்கள் இருக்கின்றன. டாஃப்னியா மேக்னா என்ற நீர்த்தெள்ளு அதில் பிரபலம். நத்தைகளுக்கும் 2016ல் இரண்டு சர்வதேச வழிமுறைகள் வந்தன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட 242, 243 எண் கொண்ட வழிகாட்டிகள் அவை. ஒன்று நியூசிலாந்துச் சேற்று நத்தைக்கு, மற்றது லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் என்ற பெரிய குளத்து நத்தைக்கு. இரண்டுமே 28 நாள் இனப்பெருக்கச் சோதனைகள்.

எல்லோரும் ஒரே உயிரை வைத்துச் சோதித்தால் முடிவுகளை ஒப்பிடலாம், அது பெரிய வசதி. ஆனால் ஒப்பிடுவது மட்டுமே நோக்கம் இல்லையே. ஓர் ஏரியைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த ஏரியில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். டாஃப்னியா மேக்னா உலகின் பல பகுதிகளில் இயற்கையில் இல்லவே இல்லை. பொதுவாக 20 டிகிரிச் சூட்டில் சோதிக்கப்படும் உயிரின் எண்ணை, வருடம் முழுக்க 28 டிகிரியில் இருக்கும் குளத்துக்கு எடுத்துப் போடுவது சந்தேகத்துக்கு இடமானது. சூடு கூடினால் குளிர் இரத்த உயிர்கள் வேகமாக இயங்கும், உலோகத்தையும் வேகமாக உள்ளே வாங்கும்.

இன்னொரு காரணம் பயம். சோதனைக்காகக் கொண்டுவந்த வெளியூர் நத்தை தப்பித்தால் என்ன ஆகும்? சேற்று நத்தையில் பெண் ஒன்றே போதும், ஆண் துணையில்லாமல் குட்டி போடும். அப்படித்தான் அது நியூசிலாந்திலிருந்து ஐரோப்பா, வட அமெரிக்கா என்று பரவியது. தென் அமெரிக்காவிலிருந்து உணவுக்காக 1980 வாக்கில் ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்ட தங்க ஆப்பிள் நத்தை இப்போது நெற்பயிரின் பகைவன். தொட்டியில் இருக்கும்போது எல்லாம் கட்டுப்பாட்டில்தான் இருப்பது போலத் தெரியும். மேலும், இப்படிப் போன இடமெல்லாம் பிழைத்துப் பெருகும் நத்தைகள் பல நேரம் தாக்குப்பிடிக்கும் ரகம். முரட்டு உயிரை வைத்துச் சோதித்துவிட்டு ‘இந்த அளவு பாதுகாப்பானது’ என்று எழுதினால், மென்மையான உள்ளூர் இனம் அதற்கு விலை கொடுக்கும்.

உள்ளூர் இனம் என்றால் எதுவும் சரி என்றில்லை. நிறைய கிடைக்க வேண்டும், ஆய்வகத்தில் வளர வேண்டும், முட்டையிட வேண்டும், அழியும் நிலையில் இருக்கக் கூடாது. அப்புறம், அது இன்ன இனம் என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இது சொல்வது போல எளிதில்லை. குளத்து நத்தைகளின் ஓடு, நீரோட்டத்துக்கும் உணவுக்கும் ஏற்றபடி வடிவம் மாறும். பார்வைக்கு ஒன்று போல இருக்கும் இரண்டு நத்தைகள் மரபணுவைப் பார்த்தால் வெவ்வேறு இனமாக இருக்கும். என்னைக் கேட்டால், சோதனை தொடங்கும் முன்பே சில நத்தைகளைச் சாராயத்தில் போட்டு எடுத்து வைக்கச் சொல்வேன். பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்டலாம்.

பிடிப்பதும் பழக்குவதும்

சுத்தமான இடத்திலிருந்துதான் பிடிக்க வேண்டும். பல தலைமுறையாகச் சுரங்கக் கழிவில் வாழ்ந்த நத்தைக்கு உலோகம் பழகியிருக்கலாம். அதை வைத்துச் சோதித்தால் நஞ்சு சாதுவாகத் தெரியும். இன்னும் நல்லது, பிடித்து வந்தவற்றை வளர்த்து, அவை இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளைச் சோதிப்பது. வயது தெரியும், வரலாறு தெரியும்.

குளத்திலிருந்து பிடித்த நத்தைகளில் பலவற்றுக்குள் தட்டைப்புழுக்கள் குடியிருக்கும். புழு இருக்கும் நத்தையின் செரிமானச் சுரப்பி பாதி அந்தப் புழுவுடையது. உலோகத்துக்கு அது காட்டும் எதிர்வினையை நம்ப முடியாது. கண்டுபிடிக்க ஒரு வழி: ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிறு குவளைத் தண்ணீரில் விட்டு, நல்ல வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்தால், முதிர்ந்த புழுக்குஞ்சுகள் வெளியே வந்து தூசி போல நீந்தும். சில இனப் புழுக்குஞ்சுகள் மனிதத் தோலையும் துளைக்கும், அரிப்பு வரும். சிலது அரிப்போடு நிற்காது. கையுறை இல்லாமல் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

பிறகு ஒன்றிரண்டு வாரம் ஆய்வகத்து நீரில் பழக விட வேண்டும். குளோரின் நீக்கிய நீர், கீரை இலை, போதிய கால்சியம், ஒரே சீரான வெப்பம், பகல் இரவு ஒழுங்கு. இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை நான் வளர்த்த நத்தைகள் ஒரு வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அப்போது எந்த நஞ்சும் கலக்கவில்லை, சோதனையே தொடங்கவில்லை. உணவை மாற்றினேன், நீரின் சூட்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி குழாய். இரவெல்லாம் பித்தளைக் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் முதல் வேலையாகப் பிடித்துத் தொட்டியில் ஊற்றியிருக்கிறேன். பித்தளையில் பெரும்பங்கு செம்புதானே. நத்தைகள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கின்றன, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

நான்கு நாள் சோதனை

அடிப்படை எளிது. வெவ்வேறு செறிவில் உலோகம் கலந்த பல பாத்திரங்கள், உலோகமே கலக்காத ஒரு ஒப்பீட்டுப் பாத்திரம். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு, ஒரே வயது நத்தைகள். 96 மணி நேரம் பார்த்து, எத்தனை செத்தன என்று எண்ணுவது.

எந்தச் செறிவுகளில் வைப்பது என்று தெரியாது. அதனால் முதலில் பத்துப் பத்து மடங்காக, 1, 10, 100, 1000 மைக்ரோகிராம் என்று ஒரு தோராயப் பார்வை. சாவு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்ததும், அந்த இடத்தைச் சுற்றி 10, 20, 40, 80, 160 என்று இரட்டிப்பாக வைத்து உண்மையான சோதனை. கூட்டல் வரிசையாக இல்லாமல் பெருக்கல் வரிசையாக வைப்பதற்குக் காரணம் உண்டு. 10க்கும் 20க்கும் உள்ள வித்தியாசம் நத்தைக்குப் பெரிது, 150க்கும் 160க்கும் உள்ளது அதற்கு ஒன்றுமே இல்லை.

உலோகத்தை உப்பாகத்தான் கரைப்போம். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. படிகச் செம்பு சல்பேட்டின் எடையில் செம்பு கால்பங்குதான், சரியாகச் சொன்னால் 25.5 சதவீதம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் செம்பு வேண்டுமானால் 3.93 மில்லிகிராம் உப்பு போட வேண்டும். உப்பின் எடையையே உலோகத்தின் எடையாக எழுதிவிட்டால் முடிவு நாலு மடங்கு தவறும். போட்டது போட்டபடி தண்ணீரில் இருக்கும் என்றும் நம்பக் கூடாது. உலோகம் கண்ணாடிச் சுவரில் ஒட்டும், எச்சத்தில் ஒட்டும், நத்தையின் கோழையில் ஒட்டும். அதனால் பாத்திரங்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவார்கள், ஒரு நாளைக்கோ இரண்டு நாளைக்கோ ஒருமுறை நீரை மாற்றுவார்கள், தொடக்கத்திலும் மாற்றும்போதும் மாதிரி எடுத்து உண்மைச் செறிவை அளப்பார்கள். இந்த நான்கு நாளும் உணவு கிடையாது. இலை போட்டால் உலோகம் இலைக்குப் போய்விடும்.

நத்தைக்குத் தனி ஏற்பாடு ஒன்று தேவை: மூடி. நுரையீரலால் மூச்சு விடும் குளத்து நத்தைகள் நீர் பிடிக்கவில்லை என்றால் சுவரில் ஏறி வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். சில மேசைக்கே வந்துவிடும். தண்ணீருக்கு மேல் உட்கார்ந்து நான்கு நாளைக் கழித்த நத்தை நஞ்சைத் தாங்கியது என்று எழுத முடியுமா? மேலே வலை போட்டோ, ஒவ்வொரு பார்வையிலும் மெதுவாக நீருக்குள் இறக்கிவிட்டோ சமாளிப்பார்கள். எத்தனை முறை ஏறின என்பதையும் குறித்து வைப்பது நல்லது, அதுவே ஒரு தகவல்.

செவுளால் மூச்சு விடும் வகையில் சிக்கல் வேறு. அவற்றின் காலின் பின்பக்கம் ஒரு மூடி உண்டு. நீர் கெட்டது என்று தெரிந்தால் உடலை உள்ளே இழுத்து, கதவைச் சாத்துவது போல வாயை அடைத்துக்கொள்ளும். நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் செத்ததும் சாத்தியதும் ஒன்று போலத்தான் இருக்கும். நான் ஒருமுறை செத்ததாக எண்ணி ஒதுக்கிய ஒன்பது நத்தைகளில் நாலு, சுத்த நீரில் போட்டு வைத்ததில் மறுநாள் காலை நடந்துகொண்டிருந்தன. அன்றைய கணக்கு முழுவதையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

சாவை எப்படி உறுதி செய்வது? மழுங்கிய ஊசியால் காலை மெல்லத் தொட்டால் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் சுத்த நீருக்கு மாற்றி 24 மணி நேரம் காத்திருக்கலாம். இளம் நத்தைகளின் ஓடு கண்ணாடி போல இருப்பதால் உருப்பெருக்கியில் இதயம் துடிப்பதையே பார்க்கலாம். மூடி திறந்து தொங்கினால் சந்தேகமில்லை. நாற்றம் வந்தாலும் சந்தேகமில்லை. செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும், ஒரு பிணம் போதும் பாத்திரத்து நீர் முழுவதும் கெட.

பாதி சாகும் அளவு

கணக்குக்காக ஒரு முடிவை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செறிவிலும் 20 நத்தைகள். 10 மைக்ரோகிராமில் யாரும் சாகவில்லை, 20ல் 2, 40ல் 6, 80ல் 14, 160ல் 20ம் போயின. ஒப்பீட்டுப் பாத்திரத்தில் எல்லாம் நலம். சரியாகப் பாதி, அதாவது பத்து நத்தை சாகும் அளவு எது? 40க்கும் 80க்கும் இடையில். நடுவில் 60 என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாம் வைத்தது பெருக்கல் வரிசை, அதனால் பெருக்கல் சராசரி எடுக்க வேண்டும். 40ஐ 80ஆல் பெருக்கினால் 3200, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 57. இதைத்தான் எல்.சி.50 என்பார்கள், பாதி உயிரைக் கொல்லும் செறிவு. உண்மையில் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துக் கணினியில் வளைகோடு பொருத்தி, எண்ணோடு கூட அதன் முன்பின் எல்லையையும் சொல்வார்கள். எல்லை இல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் யாராவது நீட்டினால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

ஏன் பாதி? நூறில் ஒன்றையோ நூறையுமோ கொல்லும் அளவை எண்ணாக்குவது கடினம். ஒரு முரட்டு நத்தையோ ஒரு நோஞ்சான் நத்தையோ கணக்கையே மாற்றிவிடும். நடுப்பகுதிதான் ஆடாமல் நிற்கும். 1927ல் டிரேவன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் மருந்துகளின் வீரியத்தை அளக்க இந்த வழியைக் கொண்டுவந்தார், அது அப்படியே நீர் உயிர்களுக்கும் வந்துவிட்டது. ஒப்பீட்டுப் பாத்திரத்தில் ஓரிரு நத்தை செத்தால் 1925ல் அபட் தந்த ஒரு திருத்தச் சூத்திரம் இருக்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் செத்தால் எந்தச் சூத்திரமும் உதவாது. சோதனையைத் தூக்கிப்போட்டுவிட்டுக் குழாயைப் பார்க்கப் போகலாம்.

இந்த எண்ணை எழுதும்போது நீரின் குணத்தையும் கூடவே எழுத வேண்டும். அதே நத்தை, அதே செம்பு, ஆனால் கடின நீரில் எல்.சி.50 பல மடங்கு ஏறிவிடும். கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருந்தால் வாசலில் கூட்டம், உலோகம் நுழையச் சிரமப்படும். இலை மக்கிப் பழுப்பேறிய நீரில் கரிமப் பொருள்கள் செம்பைக் கட்டிப் போட்டுவிடும், கருவி அளவைக் காட்டும், நத்தையோ நிம்மதியாக மேயும். அமிலத்தன்மை மாறினால் உலோகத்தின் வடிவமே மாறும். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்து நஞ்சின் வீரியத்தை முன்கூட்டிச் சொல்லும் கணித மாதிரியை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2007ல் செம்புக்கான நன்னீர் வரம்பில் சேர்த்தது. நீரின் கடினத்தன்மையும் அமிலத்தன்மையும் குறிக்காத எல்.சி.50ஐ நான் படித்துவிட்டு மறந்துவிடுவேன்.

சாகாத நத்தை சொல்வது

நான்கு நாள் சோதனை மலிவு, வேகம். ஆனால் மிக மொண்ணையான கேள்வியைத்தான் அது கேட்கிறது. ஆற்றில் நத்தைகள் ஒரே வாரத்தில் செத்து மிதப்பது எப்போதோ நடப்பது. அன்றாடம் நடப்பது வேறு: வளர்ச்சி குறைகிறது, முட்டை குறைகிறது, பத்து வருடம் கழித்து அங்கே நத்தையே இல்லை. யாரும் சாவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஈயம் நல்ல உதாரணம். வளர்ந்த குளத்து நத்தை ஈயத்தை நான்கு நாள் சோதனையில் நன்றாகவே தாங்கும். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் நத்தைக்கு ஈயம் பெரிய பிரச்சினை இல்லை என்றே தோன்றும். 2006ல் வெளியான ஓர் ஆய்வில் லிம்னேயா ஸ்டாக்னாலிஸின் குஞ்சுகளை ஒரு மாதம் ஈயத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 4 மைக்ரோகிராமுக்கும் குறைவான ஈயத்திலேயே வளர்ச்சி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு 10 மைக்ரோகிராம். ஓடு கட்டும் அவசரத்தில் இருக்கும் குஞ்சுக்கும், கட்டி முடித்த பெரிய நத்தைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கோபால்ட், நிக்கல் ஆகியவற்றிலும் இதே நத்தையின் குஞ்சுகள் மிக மென்மையான உயிர்கள் வரிசையில் வருகின்றன.

நீண்ட சோதனையில் உணவு போட்டாக வேண்டும், ஓட்டின் நீளத்தை வாரம் ஒருமுறை அளக்க வேண்டும், முட்டைகளை எண்ண வேண்டும். எனக்குப் பிடித்தது முட்டைப் பகுதி. குளத்து நத்தை தொட்டிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும் முட்டைக் கொத்து ஒரு தெளிந்த கூழ்த் துண்டு. உருப்பெருக்கியில் வைத்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கரு மெதுவாகச் சுழன்றுகொண்டிருப்பது தெரியும். நாள் போகப் போக ஓடு தெரியும், கண் புள்ளி தெரியும், இதயம் தெரியும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரிந்து வெளியே வரும். உலோகம் கலந்த நீரில் சுழற்சி தளரும், பொரிப்பு தள்ளிப்போகும், சில கருக்கள் ஓட்டோடு நின்றுவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் பார்க்கக் கூடிய சோதனை இது. மாணவர்களுக்கு முதலில் இதைக் காட்டினால் போதும், எல்.சி.50 தானாகப் புரியும்.

இப்படிப் பல இனங்களுக்குக் கிடைத்த எண்களை மென்மையானதிலிருந்து முரட்டு உயிர் வரை வரிசைப்படுத்தி, நூறில் 95 இனங்களுக்காவது கேடு வராத அளவு எது என்று பார்த்துத்தான் பல நாடுகளில் நீர்நிலைக்கான வரம்பை வைக்கிறார்கள். வரிசையின் மென்மையான முனையில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து வரம்பு ஏறும், இறங்கும். உள்ளூர் நத்தைக் குஞ்சுகளைச் சோதிக்காமல் விட்டால் அந்த முனை காலியாக இருக்கும், வரம்பு தாராளமாகத் தெரியும்.

ஆய்வகத்துப் பாத்திரம் ஆறு ஆகிவிடாது என்பதும் உண்மை. ஆற்றில் ஈயம் தனியாக வருவதில்லை, துத்தநாகமும் காட்மியமும் கூடவே வரும். மழை பெய்த அன்று ஏறும், மறுநாள் இறங்கும். அதனால் சிலர் நத்தைகளைச் சிறு வலைக்கூண்டில் போட்டு, கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஆற்றிலேயே கட்டிவிடுகிறார்கள். சில வாரம் கழித்து எடுத்து ஓட்டையும் சுரப்பியையும் அளக்கிறார்கள். அங்கே வெளியூர் நத்தையைக் கட்டுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. கூண்டு ஒருநாள் அறுந்தே தீரும்.

சோதனை முடிந்தபின் மிச்சமிருக்கும் நத்தைகளைப் பரிதாபப்பட்டுக் குளத்தில் விடக் கூடாது, உள்ளூர் இனமானாலும் சரி. அவற்றின் சுரப்பியில் நாம் கொடுத்த காட்மியம் இருக்கிறது, அதை அடுத்துத் தின்னப் போவது ஒரு மீனோ நாரையோ. உறைவிப்பானில் வைத்துக் கொன்று, உலோகக் கழிவோடு சேர்த்துவிட வேண்டும். பாத்திரத்து நீரையும் கழுவுத்தொட்டியில் கொட்டாமல், மூடிய கேனில் உலோகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, அபாயக் கழிவு எடுத்துச் செல்பவர்கள் வரும்வரை தனியாக வைக்க வேண்டும்.